மாஸ்டரிங்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும்

வீட்டிலேயே பாட்டு மிக்ஸ் பண்ணி முடித்தவர்கள் மாஸ்டரிங் பற்றி என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஆளாளுக்குத் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போட்டு அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன். எளிதானவை முதலில், குழப்பமானவை போகப்போக.

1. மிக்ஸிங், மாஸ்டரிங் ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்குத் தனியா ஒரு வேலை?

ஒன்றில்லை. மிக்ஸிங்கில் குரல், கிக், பேஸ், கிட்டார் எல்லாம் தனித்தனி ட்ராக்காக உங்கள் கையில் இருக்கும். மாஸ்டரிங்கில் இருப்பது ஒரே ஒரு ஸ்டீரியோ ஃபைல். அதில் 3 கிலோஹெர்ட்ஸைத் தூக்கினால் குரல் மட்டும் வராது, கிட்டாரும் ஸ்னேரும் சிம்பலும் கூடவே வரும்.

ஒட்டுமொத்த டோனைச் சரிபார்ப்பது, சத்தத்தை நியாயமான அளவுக்குக் கொண்டுவருவது, ஆல்பம் என்றால் பாட்டுக்குப் பாட்டு ஒத்துப்போக வைப்பது, தலையையும் வாலையும் சுத்தமாக வெட்டுவது, சரியான ஃபார்மட்டில் ஃபைல் எடுப்பது, இவ்வளவுதான் மாஸ்டரிங். நல்ல மிக்ஸ் வந்தால் ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) அரை டெசிபல், ஒரு டெசிபல் என்று அசைத்துவிட்டு வேலையை முடித்துவிடலாம். நாலு டெசிபல் தூக்க வேண்டியிருக்கிறது என்றால் அது மிக்ஸில் தீர்க்க வேண்டிய விஷயம். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு என் பதில் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

2. மாஸ்டரிங்குக்குன்னு தனி சாஃப்ட்வேர் வாங்கணுமா? நான் ரீப்பர்தான் வெச்சிருக்கேன்.

வாங்க வேண்டாம். ரீப்பர், லாஜிக், க்யூபேஸ், ஏபிள்டன், ஆர்டர் எதுவானாலும் சரி. ஒரு ஈக்யூ, சத்தமான இடங்களை அமுக்கும் ஒரு கம்ப்ரஸர், உச்சம் ஒரு எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் ஒரு லிமிட்டர், சத்தத்தை அளக்கும் ஒரு லவுட்னெஸ் மீட்டர் இருந்தால் வேலை நடக்கும். சாஃப்ட்வேரோடு வருபவை பிடிக்கவில்லை என்றால் டிடிஆர் நோவா, லவுட்மேக்ஸ், யூலீன் லவுட்னெஸ் மீட்டர், வாக்ஸெங்கோ ஸ்பான் என்று இலவசமாகவே நல்லவை கிடைக்கின்றன. வேவ்லேப், ஸ்டூடியோ ஒன்னில் இருக்கும் ப்ராஜெக்ட் பக்கம் போன்றவை ஆல்பத்தை வரிசைப்படுத்தவும் சிடி ஃபேக்டரிக்கு அனுப்பும் டிடிபி என்ற ஃபைல் தொகுப்பைத் தயாரிக்கவும் வசதியானவை, ஒற்றைப் பாட்டுக்கு அவை தேவைப்படாது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். மிக்ஸை எக்ஸ்போர்ட் பண்ணி, புது ப்ராஜெக்டில் போட்டு மாஸ்டர் பண்ணுங்கள். மிக்ஸ் ப்ராஜெக்டிலேயே செய்தால் நடுவில் ஹை-ஹாட்டைக் கொஞ்சம் குறைக்கப் போய், அங்கிருந்து எதிரொலி எஃபெக்டான ரிவெர்பை மாற்றப் போய், மாஸ்டரிங் நடக்கவே நடக்காது.

3. மிக்ஸ் அனுப்பும்போது -6 டெசிபல் ஹெட்ரூம் கட்டாயம் விடணும்னு சொல்றாங்களே?

கட்டாயம் எல்லாம் இல்லை. ஹெட்ரூம் என்பது பாட்டின் பீக்குக்கும், அதாவது உச்சத்துக்கும், ஃபைலின் எல்லையான 0 டெசிபலுக்கும் நடுவே விடும் இடம். அந்த எல்லையில் முட்டி வெட்டுப்படாமல் (க்ளிப் ஆகாமல்) இருக்க வேண்டும், அவ்வளவுதான். பீக் -1-இல் இருந்தாலும் -10-இல் இருந்தாலும் மாஸ்டர் பண்ணுகிறவர் ஒரு கெயின் குமிழைத் திருப்பி தனக்கு வேண்டிய அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார். 24 பிட் ஃபைலில் சுமார் 144 டெசிபல் இடம் இருக்கிறது, ஆறு டெசிபல் கூடக்குறைய இருந்தால் எதுவும் கெட்டுப்போகாது. ‘-6 விடு’ என்பது, அப்படிச் சொன்னால்தான் மிக்ஸைச் சிவப்பில் முட்டாமல் அனுப்புவார்கள் என்பதற்காகச் சொல்லிச் சொல்லி விதியாகிப்போன ஒன்று. லிமிட்டரில் நசுக்கிய மிக்ஸை ஆறு டெசிபல் குறைத்து அனுப்பிவிட்டு ‘ஹெட்ரூம் விட்டிருக்கேன்’ என்று சொல்பவர்களும் உண்டு, அதனால் ஒரு பயனும் இல்லை.

4. அப்போ மாஸ்டர் பஸ்ல போட்டிருக்கிற எல்லாத்தையும் எடுத்துட்டு எக்ஸ்போர்ட் பண்ணணுமா?

எல்லாவற்றையும் அல்ல. மாஸ்டர் பஸ் என்பது எல்லா ட்ராக்கும் வந்து சேரும் கடைசிச் சேனல். ஆரம்பத்திலிருந்தே ஒரு பஸ் கம்ப்ரஸரை ஓடவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே மிக்ஸ் பண்ணியிருந்தால் அது மிக்ஸின் ஒரு பகுதி. எடுத்தால் பேலன்ஸே மாறிவிடும், அது இருக்கட்டும். கடைசி நேரத்தில் சத்தத்துக்காகப் போட்ட லிமிட்டரை மட்டும் எடுத்துவிடுங்கள். லிமிட்டர் போட்ட ஒரு ஃபைலையும் கூடவே அனுப்பினால் இன்னும் நல்லது, இதுவரை நீங்கள் எதைக் கேட்டுப் பழகியிருக்கிறீர்கள் என்பது மாஸ்டர் பண்ணுகிறவருக்குத் தெரியும்.

5. 16 பிட்டா, 24 பிட்டா, 32 பிட் ஃப்ளோட்டா? 44.1-ஐ 96-ஆ மாத்தினா குவாலிட்டி ஏறுமா?

24 பிட் அல்லது 32 பிட் ஃப்ளோட், இரண்டில் எது வேண்டுமானாலும். ஃப்ளோட்டின் வசதி என்னவென்றால், பூஜ்யத்தைத் தாண்டிப் போன பீக்குகூட வெட்டுப்படாமல் ஃபைலில் பத்திரமாக இருக்கும், பிறகு கெயினைக் குறைத்தால் முழுசாக மீளும். சாஃப்ட்வேருக்குள் நடக்கும் கணக்குக்கும் ஃபைலுக்கும் இது பொருந்தும், டிஜிட்டலை மின்னலையாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்பும் கன்வெர்ட்டருக்குப் பொருந்தாது.

சாம்பிள் ரேட், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை தடவை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தவரை, எதில் ரெக்கார்ட் பண்ணினீர்களோ அதிலேயே விடுங்கள். 44.1-இல் பதிந்ததை 96 ஆக்கினால் ஃபைல்தான் பெரிதாகும், இல்லாத தகவல் எங்கிருந்தும் வராது. சிடிக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ் 16 பிட், வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ் என்று மாற்ற வேண்டியிருந்தால் அதைக் கடைசியில் ஒரே ஒரு முறை மாற்றுங்கள். மாற்றிய பிறகு பீக்கை இன்னொரு தடவை பாருங்கள், சாம்பிள் ரேட் மாறும்போது பீக் கொஞ்சம் ஏறுவது சகஜம்.

6. எந்த ப்ளகின் முதல்ல, எது அப்புறம்?

வழக்கமாக: சுத்தப்படுத்தும் ஈக்யூ, கம்ப்ரஸர், தேவைப்பட்டால் டோனுக்கு இன்னொரு ஈக்யூ, லிமிட்டர், டித்தர் (16 பிட்டுக்கு இறக்கும்போது சேர்க்கும் மெல்லிய இரைச்சல், விவரம் 18-இல்). லிமிட்டருக்குப் பிறகு டித்தரையும் மீட்டரையும் தவிர வேறு எதுவும் வரக்கூடாது என்பதுதான் இதில் இருக்கிற ஒரே கறாரான விதி. மற்றபடி ஈக்யூவை கம்ப்ரஸருக்குப் பின்னால் வைத்தால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். கீழ் அதிர்வெண்களில் தேவையில்லாமல் முனகும் எதையாவது வெட்டுவதாக இருந்தால் அது கம்ப்ரஸருக்கு முன்னால் இருக்கட்டும், இல்லையென்றால் நம் காதுக்கே எட்டாத ஒரு முனகலைக் கேட்டு கம்ப்ரஸர் மொத்தப் பாட்டையும் அமுக்கிக்கொண்டிருக்கும்.

7. என் ரூம்ல ட்ரீட்மென்ட் எதுவும் இல்ல. ஹெட்ஃபோன்லயே மாஸ்டர் பண்ணலாமா?

பண்ணலாம். எதிரொலியை அடக்கும் ட்ரீட்மென்ட் இல்லாத மோசமான அறையில் நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பதைவிட நன்கு பழகிய ஹெட்ஃபோன் மேல் என்பேன். ஒரு கணக்குப் பாருங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. சுவருக்குச் சுவர் 3.4 மீட்டர் இருக்கும் அறையில், அதாவது 50 ஹெர்ட்ஸ் அலைநீளத்தில் பாதி நீளமுள்ள அறையில், அந்த அலை சுவரில் மோதித் திரும்பி ஒரு நிலையலை உருவாகும், அறையின் நடு மையத்தில் அந்த 50 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய காணாமலே போகும். சரியாக அங்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் ‘பேஸ் பத்தவில்லையே’ என்று ஈக்யூவில் தூக்கிக்கொண்டே இருப்பார். அதே பாட்டைக் காரில் போட்டால் கதவு அதிரும். நாற்காலியை முன்னால் பின்னால் அரை மீட்டர் நகர்த்திப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

ஹெட்ஃபோனில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இடது பக்கச் சத்தம் இடது காதுக்கு மட்டுமே போவதால் ஸ்டீரியோ அகலம் பெரிதாகத் தெரியும், ரிவெர்பும் குரலின் அளவும் ஏமாற்றும். அந்த முடிவுகளை மட்டும் ஏதாவது ஒரு சின்ன ஸ்பீக்கரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கேட்கும் வால்யூமையும் ஒரே அளவில் வைத்திருங்கள்: சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு பேஸ் குறைவாகவே கேட்கும் என்பதை 1933-இலேயே ஃப்ளெச்சரும் மன்சனும் அளந்து காட்டிவிட்டார்கள். நள்ளிரவில் மெதுவாக வைத்துக் கேட்டு ஏற்றிய பேஸ், பகலில் சத்தமாகக் கேட்கும்போது தலையில் அடிக்கும்.

8. ரெஃபரன்ஸ் ட்ராக் போட்டுப் பாக்கும்போதெல்லாம் என் பாட்டு குப்பையா தெரியுது. என்ன பண்றது?

முதலில் அளவைச் சமப்படுத்துங்கள். ரெஃபரன்ஸ், அதாவது ஒப்பிட எடுத்துக்கொண்ட வெளியான பாட்டு, ஏற்கெனவே மாஸ்டர் ஆனது, உங்கள் மிக்ஸைவிட எட்டு பத்து டெசிபல் சத்தமாகக்கூட இருக்கும். சத்தமாக இருப்பதை நல்லதென்று நம்புவது காதின் பலவீனம், அரை டெசிபல் வித்தியாசமே ஆளைச் சாய்த்துவிடும். லவுட்னெஸ் மீட்டரில் இரண்டு பாட்டின் கோரஸையும் அளந்து, ரெஃபரன்ஸைக் குறைத்து உங்கள் பாட்டுக்குச் சமமாகக் கொண்டுவந்த பிறகு மாற்றி மாற்றிக் கேளுங்கள். அப்போதும் வித்தியாசம் இருக்கும், ஆனால் இப்போது ‘குப்பை’ என்று மொத்தமாகத் தோன்றாது, ‘என்னுடையதில் 300 ஹெர்ட்ஸ் பக்கம் கும்மென்று அடைத்திருக்கிறது’ என்று குறிப்பாகச் சொல்ல வரும். ரெஃபரன்ஸும் உங்கள் பாட்டுக்குக் கிட்டத்தட்ட ஒத்த வாத்தியங்களோடு இருக்கட்டும். ஒரு கிட்டாரும் குரலும் மட்டும் இருக்கும் பாட்டை நடனப் பாட்டோடு ஒப்பிட்டு வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

9. பீக் ரெண்டும் ஒரே அளவுதான் காட்டுது, ஆனா அவங்க பாட்டு சத்தமா இருக்கு, என்னுது சின்னதா இருக்கு. ஏன்?

பீக் என்பது ஒரே ஒரு கணத்தில் அலை எவ்வளவு உயரம் போனது என்பது. காது அதைக் கணக்கில் எடுப்பதில்லை, கொஞ்ச நேரத்துக்குச் சராசரியாக எவ்வளவு ஆற்றல் வருகிறது என்பதைத்தான் சத்தமாக உணர்கிறது. ஸ்னேரின் ஒரு அடி 0-வைத் தொட்டு, மற்றதெல்லாம் அதற்கு இருபது டெசிபல் கீழே கிடந்தால் பாட்டு சின்னதாகத்தான் கேட்கும்.

இந்த உணரும் சத்தத்தை அளக்கத்தான் லஃப்ஸ் என்ற அலகு இருக்கிறது. ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு 2006-இல் பிஎஸ் 1770 என்ற தரத்தை வெளியிட்டது, இன்று எல்லா மீட்டரும் அந்த வழியில்தான் அளக்கின்றன. மீட்டரில் மூன்று எண் ஓடும். மொமென்ட்ரி என்பது கடைசி 400 மில்லிநொடி, ஷார்ட் டெர்ம் கடைசி 3 நொடி, இன்டெக்ரேட்டட் பாட்டு முழுவதும். வேலை செய்யும்போது கோரஸில் ஷார்ட் டெர்மைப் பாருங்கள். இன்டெக்ரேட்டட் எண்ணைக் கடைசியில் ஒருமுறை பார்த்தால் போதும்.

10. ஸ்பாட்டிஃபைக்கு -14, ஆப்பிளுக்கு -16ன்னு தனித்தனி மாஸ்டர் பண்ணணுமா?

வேண்டாம், வேண்டவே வேண்டாம். இந்த எண்கள் அந்தத் தளங்கள் பாட்டை ஒலிக்கும்போது சமப்படுத்திக்கொள்ளும் அளவுகள், உங்களுக்கான கட்டளை அல்ல. ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்பில் -14 லஃப்ஸுக்குக் கொண்டுவருகிறது. நீங்கள் -8-இல் கொடுத்தால் ஆறு டெசிபல் குறைத்து ஒலிக்கும், அவ்வளவுதான். -20-இல் கொடுத்து, பீக் -3-இல் இருந்தால், மேலே ஒரு டெசிபல் இடம் விட்டு இரண்டு டெசிபல்தான் ஏற்ற முடியும், பாட்டு -18-இல் நின்றுவிடும். யூடியூப் சத்தமானதைக் குறைக்கும், குறைவானதை ஏற்றாது. கேட்பவர் இந்தச் சமப்படுத்தலை அணைத்துவைக்கவும் முடியும், அப்போது -14-இல் இருக்கும் பாட்டு, பக்கத்தில் -8-இல் இருக்கும் பாட்டுக்கு முன்னால் மெதுவாகத்தான் கேட்கும்.

ஆக, பாட்டுக்கு எது பொருந்துகிறதோ அந்தச் சத்தத்தில் ஒரே ஒரு மாஸ்டர் பண்ணுங்கள். மென்மையான பாட்டு -14, -15-இல் அழகாக உட்காரும். அடித்து ஆடும் பாட்டு -9-இல் இருந்தால்தான் அதற்கான முறுக்கு வரும். -14 ஆக வேண்டும் என்பதற்காக, -10-இல் நன்றாக இருந்த மாஸ்டரில் லிமிட்டரைத் தளர்த்தி முறுக்கைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தொலைக்காட்சி ஒலிபரப்பு மட்டும் வேறு கதை, அங்கே ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் கொண்டுவந்த ஆர்128 விதிப்படி -23 லஃப்ஸ் என்பது உண்மையிலேயே கண்டிப்பு.

11. லிமிட்டரை எப்படி செட் பண்றது? நான் த்ரெஷோல்டை இறக்கிக்கிட்டே போறேன், எங்க நிறுத்தணும்னு தெரியல.

பாட்டின் மிகச் சத்தமான இடத்தை, பெரும்பாலும் கடைசி கோரஸை, லூப்பில் ஓடவிடுங்கள். சீலிங்கை (லிமிட்டர் தாண்டவிடாத மேல் எல்லை) -1-இல் வையுங்கள். இப்போது இன்புட் கெயினை மெதுவாக ஏற்றுங்கள், பல லிமிட்டர்களில் த்ரெஷோல்டை இறக்குவதும் இதேதான். கிக்கும் ஸ்னேரும் விழும்போது மட்டும், லிமிட்டர் எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டும் கெயின் ரிடக்‌ஷன் ஒன்று, இரண்டு டெசிபல் காட்டி உடனே பூஜ்யத்துக்குத் திரும்பினால் நல்ல நிலை. இன்னும் ஏற்றினால் அந்த முள் பூஜ்யத்துக்கே திரும்பாமல் தொங்கும். அந்த இடத்தில் கவனித்துக் கேளுங்கள், கிக் விழும் ஒவ்வொரு தடவையும் குரல் ஒரு கணம் அமுங்கி எழும், ஸ்னேரின் ‘டப்’ போய் ‘தொப்’ என்று ஆகும். அங்கிருந்து ஒன்றரை டெசிபல் பின்வாங்குங்கள்.

ஏற்றிய கெயினை அவுட்புட்டில் அதே அளவு குறைத்துவிட்டு, பைபாஸ் போட்டு மாற்றி மாற்றிக் கேட்டால்தான் உண்மை தெரியும், காரணம் ரெஃபரன்ஸ் பற்றிய பதிலில் சொன்னதுதான். பல லிமிட்டர்களில் இதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது.

ரிலீஸ் நேரம், அதாவது அமுக்கிய பிறகு லிமிட்டர் கையை எடுக்க ஆகும் நேரம் பற்றி ஒரு வார்த்தை. 50 ஹெர்ட்ஸ் பேஸ் நோட்டின் ஒரு சுழற்சி 20 மில்லிநொடி. ரிலீஸ் அதைவிட வேகமாக இருந்தால் லிமிட்டர் ஒரே சுழற்சிக்குள்ளேயே ஏறி இறங்கி அலையின் வடிவத்தையே மாற்றிவிடும், பேஸ் கரகரக்கும். ரொம்ப மெதுவாக வைத்தால் முன்னே சொன்ன அமுங்கி எழுதல் வரும். ஆட்டோ ரிலீஸ் இருந்தால் அதிலேயே விட்டுவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

12. சீலிங்கை 0-ல வெச்சா என்ன? எல்லாரும் -1ங்கிறாங்க. ட்ரூ பீக்னா என்ன?

ஃபைலில் இருப்பது சாம்பிள் புள்ளிகள் மட்டும். ஸ்பீக்கருக்குப் போகும்போது அந்தப் புள்ளிகளின் வழியாக ஒரு தொடர் அலை உருவாகிறது. இரண்டு புள்ளிகளும் 0-க்குக் கீழே இருந்தாலும் அவற்றுக்கு நடுவில் அலை 0-வைத் தாண்டி எழலாம். அந்த நிஜ உயரம்தான் ட்ரூ பீக். சாதாரண பீக் மீட்டருக்கு இது தெரியாது, ட்ரூ பீக் மீட்டர் நான்கு மடங்கோ அதற்கு மேலோ ஓவர்சாம்பிள் பண்ணிக் கண்டுபிடிக்கிறது.

அதைவிட நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. எம்பி3, ஏஏசி, ஆக் வோர்பிஸ் எல்லாம் பாட்டிலிருந்து சில தகவல்களைத் தூக்கிப்போட்டுச் சுருக்குகின்றன. விரிக்கும்போது அலை கொஞ்சம் மாறி, பீக் ஏறிவிடும், பிட்ரேட் குறையக்குறைய இது அதிகம். நசுக்கிய மாஸ்டரில்தான் இந்தத் தொல்லை கூடுதல், ஸ்பாட்டிஃபையே -14-ஐவிடச் சத்தமான மாஸ்டருக்கு -2 ட்ரூ பீக் வைக்கச் சொல்கிறது. நான் -1-இல் வைக்கிறேன், ரொம்பச் சத்தமான பாட்டு என்றால் எம்பி3 எடுத்து அதையே மீட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

13. டிஸ்ட்ரிப்யூட்டருக்கு எம்பி3 அனுப்பலாமா? 320தானே?

அனுப்பாதீர்கள். டிஸ்ட்ரிப்யூட்டர் பாட்டைத் தளங்களுக்குக் கொண்டுசேர்ப்பவர், அந்தத் தளங்கள் அதை மறுபடியும் சுருக்கும், சுருக்கியதைச் சுருக்கினால் சிம்பலும் ‘ஸ’ ஒலிகளும் முதலில் கெடும். வேவ் அல்லது ஃப்ளாக் மட்டும்.

14. மல்டிபேண்ட் கம்ப்ரஸர் இல்லாம மாஸ்டரிங்கே இல்லன்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க.

இருக்கிறது, நிறைய இருக்கிறது. மல்டிபேண்ட் என்பது பாட்டை மூன்று நான்கு அதிர்வெண் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் தனியாக அமுக்குவது. பேஸ் கிட்டாரின் சில நோட்டு மட்டும் எகிறுகிறது, அல்லது கோரஸில் குரல் உச்சத்துக்குப் போகும்போது மட்டும் 3 கிலோஹெர்ட்ஸ் காதைக் குத்துகிறது என்ற மாதிரியான, வந்து வந்து போகும் பிரச்சினைக்கு அது மருந்து. நான்கு பேண்டையும் எப்போதும் ஓடவிட்டால் பேலன்ஸ் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும், மிக்ஸ் பண்ணியவர் பார்த்துப் பார்த்து வைத்ததெல்லாம் வீண். ஒரே இடத்தை மட்டும் பிடிக்க டைனமிக் ஈக்யூ இன்னும் நாசூக்கானது.

15. ஸ்டீரியோ வைடனர் போட்டா ஹெட்ஃபோன்ல பிரமாதமா இருக்கு. ஃபோன்ல போட்டா கிட்டாரே காணோம். எங்க போச்சு?

மோனோவில் கரைந்துபோய்விட்டது. ஸ்டீரியோவை மிட், சைடு என்று பிரித்துப் பார்க்கலாம்: மிட் என்பது இடதும் வலதும் கூட்டியது, சைடு என்பது ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தது. மோனோவாக்கும்போது இரண்டு சேனலும் கூட்டப்படுவதால் சைடில் இருப்பதெல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வைடனர் செய்வது பெரும்பாலும் சைடை ஏற்றுவதுதான், சில வைடனர்கள் ஃபேஸையும், அதாவது அலையின் ஏற்ற இறக்கத்தையும், புரட்டுகின்றன. இடதும் வலதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோரிலேஷன் மீட்டர் பூஜ்யத்துக்குக் கீழேயே கிடந்தால் அதுதான் எச்சரிக்கை. மாஸ்டர் ட்ராக்கில் ஒரு மோனோ பட்டன் வைத்துக்கொண்டு அடிக்கடி அழுத்திப் பாருங்கள். கிட்டார் அகலமாக வேண்டுமென்றால் மிக்ஸில் இரண்டு தடவை வாசித்து இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று போடுங்கள், எந்த ப்ளகினும் அதற்கு ஈடாகாது.

16. ஃபோன் ஸ்பீக்கர்ல பேஸ் சுத்தமா கேக்கல. எவ்ளோ ஏத்தணும்?

ஏற்றாதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 60 ஹெர்ட்ஸைத் தர முடியாது, நீங்கள் தலைகீழாக நின்றாலும் வராது. ஆனால் 60 ஹெர்ட்ஸ் நோட்டின் மடங்குகளாக எழும் ஹார்மோனிக்குகளான 180, 240, 300 எல்லாம் கேட்டால் மூளை அடிநோட்டைத் தானாகவே நிரப்பிக்கொள்ளும். அதனால் பேஸ் ட்ராக்கில் கொஞ்சம் சாச்சுரேஷன் (இலேசான கரகரப்பு) போட்டு அந்த ஹார்மோனிக்குகளை எழுப்ப வேண்டும். ட்ராக்கில் என்றுதான் சொன்னேன், முழு மாஸ்டரில் போட்டால் குரலும் சேர்ந்து கரகரக்கும்.

17. மாஸ்டர் பண்ணதும் குரல் பின்னால போயிடுச்சு / முன்னால வந்து ரிவெர்ப் எல்லாம் துருத்துது.

இரண்டு புகாரும் ஒரே வேரிலிருந்து வருபவைதான். லிமிட்டர் ட்ரம்ஸின் உச்சங்களை அமுக்குகிறது, அப்போது அமுங்காமல் கிடந்த குரல், ரிவெர்ப் வால், மூச்சுச் சத்தம் எல்லாம் மேலே வந்துவிடுகின்றன. மாறாக கனமான கிக் ஒரு பஸ் கம்ப்ரஸரை இயக்கிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு கிக்குக்கும் குரல் பின்வாங்கும், அதற்கு கம்ப்ரஸர் எதைக் கேட்டு அமுக்குகிறதோ அந்த சைட்செயினில் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் வைத்து, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை அது கவனிக்காதபடி செய்யலாம். மற்றபடி மிக்ஸுக்குத் திரும்பி குரலை அரை டெசிபல் மாற்றி மறுபடி எக்ஸ்போர்ட் பண்ணுவதுதான் உத்தமம். பாட்டை அனுப்பும்போதே குரல் அரை டெசிபல் ஏற்றிய ஒரு பதிப்பு, குறைத்த ஒரு பதிப்பு என்று சேர்த்து அனுப்புபவர்களைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

18. டித்தர் போடாட்டி யாருக்காவது கேக்குமா?

சத்தமான பாட்டில் கேட்காது. மெல்லத் தேய்ந்து முடியும் ஃபேட், தனிப் பியானோ நோட்டின் வால் போன்ற இடங்களில், வால்யூமை நன்றாக ஏற்றி வைத்தால் வித்தியாசம் தெரியலாம். 24 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு இறக்கும்போது கீழ் பிட்டுகள் வெட்டுப்படும், அந்தப் பிழை பாட்டோடு சேர்ந்து கரகரப்பாக ஒலிக்கும். டித்தர் மிகச் சன்னமான, -90 டெசிபலுக்கும் கீழே கிடக்கும் ஒரு இரைச்சலைச் சேர்த்து, அந்தக் கரகரப்பைச் சாதாரண இரைச்சலாக மாற்றிவிடுகிறது. 16 பிட் எடுக்கும்போது ஒரே ஒரு முறை, சங்கிலியின் கடைசியில். டித்தருக்குப் பிறகு ஃபேட் போட்டால் அது வீண், ஃபேட் முதலில்.

19. ஆறு பாட்டு ஆல்பம். எல்லாத்தையும் ஒரே லஃப்ஸுக்குக் கொண்டுவந்துட்டேன், ஆனா மெலடி பாட்டு கத்துற மாதிரி இருக்கு.

இருக்கத்தான் செய்யும். ஒரு குரலும் பியானோவும் மட்டும் இருக்கும் பாட்டை முழு ட்ரம்ஸ் பாட்டின் அளவுக்கு ஏற்றினால் பாடகர் நம் காதுக்குள் வந்து நின்று பாடுவது போல இருக்கும். ஆல்பத்தில் எண்ணைச் சமமாக்காதீர்கள், குரலின் அளவைச் சமமாக்குங்கள். ஒரு பாட்டின் கடைசிப் பத்து நொடியையும் அடுத்ததன் முதல் பத்து நொடியையும் தொடர்ச்சியாகக் கேட்டு, கை வால்யூம் குமிழைத் தேடவில்லை என்றால் சரி. மெலடி இரண்டு மூன்று லஃப்ஸ் குறைவாக இருக்கட்டும். ஸ்பாட்டிஃபை ஆல்பத்தை வரிசையாக ஒலிக்கும்போது எல்லாப் பாட்டுக்கும் ஒரே அளவு மாற்றத்தைத்தான் செய்கிறது, அதனால் நீங்கள் வைத்த ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும்.

20. ஏஐ மாஸ்டரிங் நல்லா இருக்கே, அப்புறம் நீங்க எதுக்கு?

லேண்டர் என்ற தானியங்கி மாஸ்டரிங் சேவை 2014-இல் வந்ததிலிருந்து இந்தக் கேள்வி இருக்கிறது. டெமோவுக்கும் அவசரத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள், டோனை ஒரு பொதுவான வளைவுக்கு இழுத்து சத்தத்தை ஏற்றும் வேலையை நன்றாகவே செய்கின்றன. இரண்டாவது சரணத்தில் பேஸ் கிட்டார் சுருதி விலகியிருக்கிறது, 1:42-இல் ஒரு வெட்டில் ‘டிக்’ கேட்கிறது, மிக்ஸைத் திருத்தி அனுப்புங்கள் என்று அது சொல்வதில்லை. என் வேலையில் பாதி அந்தக் கடிதம் எழுதுவதுதான். ஏஐ தரும் மாஸ்டரைக் கேட்கும்போதும் அளவைச் சமப்படுத்தியே கேளுங்கள், ஏற்றிய சத்தத்தில் எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.

21. மீட்டர்ல ரெண்டு பாட்டும் -10தான். ஆனாலும் அது பெருசா கேக்குது. மீட்டர் பொய் சொல்லுதா?

பொய் சொல்லவில்லை, அது அளப்பது உங்கள் கேள்விக்கான பதிலை அல்ல. முதலாவது, இன்டெக்ரேட்டட் என்பது முழுப் பாட்டின் சராசரி. ரொம்ப மெதுவான பகுதிகளை ஒரு கேட் விலக்கிவிடுகிறது, ஆனாலும் சரணம் மெதுவாகவும் கோரஸ் -8-ஆகவும் இருக்கும் பாட்டும், முழுக்க -10-இலேயே போகும் பாட்டும் ஒரே எண்ணைக் காட்ட முடியும். முதலாவதன் கோரஸ் பெரிதாக இருப்பதற்குக் காரணம் அதற்கு முன்னால் வந்த சரணம்.

இரண்டாவது, லஃப்ஸ் கணக்கு அடி பேஸைக் குறைத்தும் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதைச் சில டெசிபல் கூட்டியும் எடை போடுகிறது. அதனால் 40 ஹெர்ட்ஸில் கனமாக இருக்கும் பாட்டு, எண்ணை அதிகம் ஏற்றாமலேயே பெரிய ஸ்பீக்கரில் உடம்பை அசைக்கும். மூன்றாவது, நோட்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு எழுதிய அரேஞ்ச்மென்ட். பத்து லேயர் சிந்த் ஒரே ஆக்டேவில் குவிந்து கிடந்தால் எந்த லிமிட்டராலும் அதைப் பெரிதாக்க முடியாது. முதல் பதிலில் சொன்னது மாதிரி, மிக்ஸுக்கு, சில சமயம் அதற்கும் பின்னால் அரேஞ்ச்மென்ட்டுக்கே போக வேண்டியிருக்கும்.

22. எக்ஸ்போர்ட் பண்ண ஃபைல்ல முதல் அடி வெட்டுப்பட்டு வருது. ப்ராஜெக்டுல சரியாதான் இருக்கு.

ஃபைல் சரியாக முதல் சாம்பிளிலேயே தொடங்குகிறது, சில ப்ளேயர்கள் ஒலிக்கத் தொடங்கும்போது அந்த நொடித்துளியை விழுங்கிவிடுகின்றன. வரப்போகும் உச்சத்தை முன்கூட்டியே பார்க்கும் (லுக்அஹெட்) லிமிட்டரின் தாமதத்தைச் சாஃப்ட்வேர் சரியாக ஈடுகட்டவில்லை என்றாலும் இப்படி வரும். பாட்டுக்கு முன்னால் 100 அல்லது 200 மில்லிநொடி மௌனம் விட்டு எக்ஸ்போர்ட் பண்ணுங்கள், பின்னால் ரிவெர்ப் முழுசாக அடங்கி இன்னும் ஒரு நொடி. பிறகு ஃபைலைத் தனியாக, வேறு ப்ளேயரில், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு முறை முழுசாகக் கேளுங்கள். நடுவில் கம்ப்யூட்டர் திணறி ஒரு ‘டிக்’ விழுந்திருந்தால் அங்கேதான் மாட்டும்.

23. வினைல் போடப் போறோம். அதே மாஸ்டர் ஃபைலைக் கொடுத்தா போதுமா?

லிமிட்டர் குறைவாக வேலை செய்த தனிப் பதிப்பு ஒன்று கொடுங்கள், 24 பிட்டில். வினைலில் சத்தத்தை முடிவு செய்வது ஒரு பக்கத்தின் நீளமும் பள்ளத்தின் அகலமும்தான், ஃபைலை நசுக்கியதால் தட்டு சத்தமாகாது. அடி பேஸ் இரண்டு சேனலிலும் எதிர்ஃபேஸில் இருந்தால் ஊசி மேலும் கீழும் குதிக்கும், அதனால் 100, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோனோ. கூர்மையான ‘ஸ’ ஒலிகள் தட்டின் உள்வட்டத்தில் கரகரக்கும், அவற்றை அடக்கும் டி-எஸ்ஸரைக் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள், சத்தமான பாட்டைப் பக்கத்தின் கடைசியில் வைக்காதீர்கள். 33⅓ சுழற்சியில் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்குள் அடக்கினால் தட்டு வெட்டுகிறவர் உங்களைத் திட்ட மாட்டார். மற்றதை அவரிடமே கேளுங்கள், ஃபைலை அனுப்புவதற்கு முன்னால்.